திதி இல்லாத விமானப்படைக்காரர்

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்திலிருந்து படைக்குப் போய்த் திரும்பி வராதவர்களை அதில் எழுதி வைத்திருக்கிறேன். பெயர், ஊர், எந்தப் படை, இறந்த நாள், ஆதாரம் என்று ஐந்து கட்டங்கள். கல்லறைக் கல், பள்ளிக்கூடச் சுவரில் பதித்த பலகை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கடிதம் என்று எதைப் பார்த்து எழுதினேனோ அது கடைசிக் கட்டத்தில் இருக்கும். ஆதாரம் இல்லாமல் ஒரு நாளையும் நான் எழுதியதில்லை. ஒரு நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது.

ஒரு வரியில் மட்டும் நாள் என்ற கட்டம் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. எழுபத்தொன்று டிசம்பர் போரில் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் போன நேவிகேட்டர். விமானி ஓட்டுவார், இவர் வரைபடத்தையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு அவருக்கு வழி சொல்வார். இருவருமே திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. பனமலைக்காரர், கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆனவர். வீட்டுக்கு வந்த தந்தியில் இன்ன தேதியிலிருந்து காணவில்லை என்று மட்டும்தான் இருந்தது. காணவில்லை என்பதை இறந்த நாள் கட்டத்தில் எழுத முடியாது. அந்தத் தேதியை இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்தப் போரில் எந்த நாளில் எந்த விமானம் திரும்பவில்லை என்பது தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற விஷயம். தேதியைச் சொன்னால் குடும்பத்தையே சொன்னதாகிவிடும்.

போன வருஷம் புரட்டாசியில், மகாளய அமாவாசைக்கு மறுநாள் காலை, அவருடைய தம்பி என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். பனமலையிலிருந்து அவ்வளவு தூரமும் மொபெட்டிலேயே வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய விவசாயி. அதற்கு முன் ஒருமுறை நோட்டுக்கு விவரம் கேட்கப்போனபோது அவரைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர், இன்று நான் கேட்காமலே மஞ்சள் பையிலிருந்து லேமினேட் செய்த தந்தி நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“சார், எங்க அண்ணனுக்கு ஒரு நாளு குறிச்சிக் குடுங்க.”

என்ன நாள் என்று கேட்டேன். திதி கொடுக்க நாள் என்றார்.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் ஐயரு அப்பா பேரு கேக்கறாரு, அம்மா பேரு கேக்கறாரு. வேற யாருன்றாரு. நான் வாய மூடிக்கினு நிக்கறேன். நேத்தும் நின்னேன். பொங்கல் கழிச்சி எனக்கு நெஞ்சுல ஆப்ரேஷன் சார், புதுச்சேரில. எம் பசங்க இதெல்லாம் செய்யமாட்டானுங்க. அதுக்கு முன்ன என் கையால ஒரு தடவ எள்ளுந்தண்ணி எறைச்சிட்டா போதும்.”

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போனவராக இருந்தவரை இன்றைக்கு இறந்தவராக்க வேண்டிய அவசரம் என்ன? என் வேலையில் நான் கண்ட வரை, காணாமல் போன ஆளுக்குச் சாவு நாள் கேட்டு வருகிறவர் பின்னால் பெரும்பாலும் ஒரு நிலம் இருக்கும். கழனிக்குக் கழனி மனை போட்டுக் கொடி நட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கலாம், அப்புறம் பதிவு செய்து சான்றிதழ் கிடைக்கும் என்று, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்த குரலிலேயே சொன்னேன்.

“கோர்ட்டு வேணாம், சர்ட்டிபிகேட்டு வேணாம். நாளு போதும்” என்றார்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு அவர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அண்ணனின் மனைவி திண்டிவனத்தில்தான் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றுவரை தாலியோடும் குங்குமத்தோடும் இருக்கிறார். அவர் அப்படி இருக்கும்போது தம்பி போய் எள்ளும் தண்ணீரும் விட்டால், ஊரறிய அவரை விதவை என்று சொன்னதாகிவிடும். அவர் சம்மதிக்காமல் செய்ய முடியாது; அவரிடம் கேட்கத் தம்பிக்குத் தைரியம் இல்லை.

“அண்ணி இன்னும் வருவாருன்னு நம்பிக்கினு இருக்காங்க சார். நான் போயி எப்படிக் கேக்கறது? நீங்க எழுதறவரு. நீங்க பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

கடைசி வாக்கியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கொண்டுவந்த வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஆளை முதலில் விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விசாரித்தேன். தெரிந்த ஒருவர் மூலம் பட்டா எண்ணை வாங்கி, பிரவுசிங் சென்டரில் நகல் எடுத்தேன். பனமலை ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு இருக்கிற கழனியில் சரிபாதி, சகோதரர்களின் அம்மா உயிரோடு இருந்தபோதே மருமகள் பெயருக்கு மாறியிருந்தது. அண்ணன் இறந்தார் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் தம்பிக்கு ஒரு சென்ட் கூடவோ குறையவோ போவதில்லை. அவர்தான் இரண்டு பாதியையும் பயிர் வைத்து, வருஷா வருஷம் அண்ணிக்கு நெல்லும் மல்லாட்டையும் மூட்டை கட்டி அனுப்புகிறார் என்று அந்த ஊர்க்காரர் சொன்னார். நிலம் இல்லை என்றானபின் வேறு என்ன என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் அவர் எனக்கு நேர்மையானவராகத் தோன்றவில்லை. இவ்வளவுக்கும் அவர் கேட்டது ஒரு நாள்தான்.

தீபாவளி கழிந்து ஒரு பகலில் டீச்சரைப் பார்க்கப் போனேன். கிரில் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே பேசினார். மெலிந்த உடம்பு, நெற்றியில் அகலமான பொட்டு. நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

“லிஸ்ட்டா? எத்தினி லிஸ்ட்டுல இருப்பாரு அவரு” என்றார். கேட்டைத் திறக்கவில்லை. “வர்றவங்க எல்லாரையும் நான் ஒரு கேள்வி கேப்பேன். அவருக்கு எந்தக் கையில தழும்பு?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“அது சரி” என்று தாழ்ப்பாளை நீக்கினார். “பார்டருக்கு அந்தப் பக்கம் ஜெயில்ல பாத்தேன்னு எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா? ஒருத்தன் வலது கைன்னான். ஒருத்தன் இடது கைன்னான். இன்னொருத்தன் ரெண்டு கையின்னான். அவருக்குத் தழும்பே கெடையாது.”

உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஆனாலும் விசாரணை முடியவில்லை. எந்த ஆபீஸ், எந்த வருஷம் ஓய்வு, நோட்டை யார் அச்சுப் போடப்போகிறார்கள், எந்தக் கட்சி என்றெல்லாம் கேட்டார். தேர்தல் சமயத்தில் ஒருவர் மாலையோடு வந்ததாகவும், படத்துக்குப் போடவா எனக்குப் போடவா என்று தான் கேட்டதும் அவர் மாலையை எடுத்துக்கொண்டே போய்விட்டதாகவும் சொன்னார். சுவரில் படம் ஏதும் இல்லை. மாலை போடப் படமே இருக்கக்கூடாது என்பதற்காகவே மாட்டவில்லையாம்.

நான் சுற்றி வளைத்து, வீட்டில் இவருக்கென்று நாள் கிழமை ஏதாவது பார்ப்பதுண்டா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“சின்னவரு அனுப்பினாரா?”

இல்லை என்றேன். பொய் சொன்னது அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

“எங்க கொழுந்தனாரு இன்னும் அந்த ஜெயில் சமாச்சாரம் வந்த பேப்பரெல்லாம் கத்தரிச்சி டிரங்குப் பொட்டியில வெச்சிக்கினு இருக்காரு. அண்ணன் வருவாருன்னு இருக்கற மனுஷன். அவரு காதுல போயி திதி கிதின்னு போட்டுடாதீங்க. ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல அவருக்கு.”

இது எனக்கு விசித்திரமாக இருந்தது. தம்பி டீச்சரை நம்பிக்கொண்டிருக்கிறவர் என்கிறார், டீச்சர் தம்பியை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டுமே பொய்யாக இருக்கலாம் என்று தோன்றவில்லை.

புகைப்படம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டிலிருந்த புத்தகங்களையும் ஆல்பத்தையும் மொத்தமாக வெளியே எடுத்து வைத்தார். தட்டு காலியானதும் கீழே விரித்திருந்த தாள்கள் தெரிந்தன. எல்லா வீட்டிலும் போல, கடைகளில் கொடுக்கிற பழைய மாதக் காலண்டர் தாள்கள்தான். மூன்று டிசம்பர், ஒரு நவம்பர். வெவ்வேறு வருஷங்கள். நாலிலும் ஏதோ ஒரு தேதியைச் சுற்றிச் சின்னதாகப் பென்சில் வட்டம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்த நாளாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வருஷா வருஷம் அதே பருவத்தில்தானா சிலிண்டர் தீரும்? ஆல்பத்தைப் பார்க்கும் சாக்கில் நாலு தேதிகளையும் மனப்பாடம் செய்தேன். வெளியே வந்து தெருமுனையில் நின்று பாக்கெட் டயரியில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் பழைய பஞ்சாங்கங்களை வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அன்று மாலையே எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத் தேதிகள் நாலும் வேறு வேறு. ஆனால் நாலும் கார்த்திகை மாதத் தேய்பிறையில் ஒரே திதி. அதை நவமி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான திதியை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஆக, நம்பிக்கொண்டிருக்கிறவர் என்று ஊரே சொல்லும் அந்த அம்மாள், யாருக்கும் தெரியாமல் கணவருக்குத் திதி பார்க்கிறார். அதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. தந்தியில் உள்ள தேதிக்கு எழுபத்தொன்றாம் வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று தசமி. நவமி அதற்கு முந்தின நாள்.

இந்தத் தவறை என் கவுண்டரில் நூறு முறை பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறிவிடும். நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். விடிகாலை மூன்று மணிக்கு இறந்தவருக்குச் சான்றிதழில் உள்ள தேதியை வைத்துக் காலண்டரைப் பார்த்தால் ஒரு திதி தள்ளிப் போய்விடும். பல வீடுகளில் அப்படித் தள்ளித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தந்தியை மட்டும் படித்தவர்கள் தசமி என்றுதான் சொல்வார்கள். நவமி என்று சொல்ல வேண்டுமென்றால், விமானம் விழுந்தது விடிவதற்கு முன்னால் என்று தெரிந்திருக்க வேண்டும். தந்தியில் தேதி இருந்தது, நேரம் இல்லை.

அப்படியானால் டீச்சருக்கு நேரம் தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார், எப்போது, ஏன் இதுவரை வெளியே வரவில்லை என்று அடுக்கடுக்காகச் சந்தேகம் வந்தது. நல்ல எண்ணங்களாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணவர் உயிரோடு எங்கோ இருந்து கடிதம் போட்டிருப்பாரோ, அதை மறைக்கத்தான் இந்தக் குங்குமமோ என்றுகூட நினைத்தேன். அப்புறம், உயிரோடு இருப்பவருக்கு யார் திதி பார்ப்பார்கள் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

இதற்கிடையில் தம்பி இரண்டு முறை போன் செய்தார். “நாளு கெடைச்சிதா சார்?” பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவரும் சும்மா இருக்கவில்லை. ஊரில் ஐயரிடம் தந்தியைக் காட்டி, தசமி என்று கேட்டு வைத்திருந்தார். “தசமிதானா சார்? நீங்க ஒரு தடவ சரின்னுட்டா போதும்.” நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரி என்றால் தெரிந்தே தவறான நாளைக் கொடுத்ததாகும். இல்லை என்றால் எப்படித் தெரியும் என்பார்.

அந்த வருஷக் கார்த்திகைத் தேய்பிறை நவமி எந்தத் தேதியில் வருகிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் போய் ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். ஒருவரைப் பின்தொடர்வது என் வயதுக்கும் பழக்கத்துக்கும் பொருந்தாத காரியம். ஏழே முக்காலுக்கு டீச்சர் வந்தார். கையில் ஒயர் கூடை. மேலே செருகிய அகத்திக்கீரைக் கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புதுச்சேரி பஸ் பக்கம் போனவர் நின்றார். திரும்பி நேராக என்னிடம் வந்தார்.

“வாங்க, ஏறுங்க. ரெண்டு டிக்கெட்டா எடுத்துடுங்க. அன்னிக்கி ஷெல்ஃபயே பாத்துக்கினு இருந்தீங்களே, அப்பவே நெனைச்சேன் வருவீங்கன்னு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். கிளியனூர் வரை கூடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு, நான் கேட்காமலே, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போர் முடிந்து இரண்டாம் மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் பின்னால் வந்த விமானத்தில் இருந்த ஒருவர் எழுதியது. இவர்களுடைய விமானம் கடல்மேல் திரும்பும்போது தீப்பிடித்து நேராக இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், பாராசூட் எதுவும் விரியவில்லை என்றும் எழுதியிருந்தார். நேரமும் போட்டிருந்தார். அதிகாலை மூன்றைத் தாண்டி. தான் எழுதியதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடித்திருந்தார்.

“நெலா வெளிச்சத்துல பாத்தேன்னு எழுதியிருந்தாரு. எனக்கு சந்தேகம். தேய்பிறையில ஏது நெலா? யாராச்சும் எனக்கு ஆறுதல் சொல்றதா நெனைச்சிக்கினு எழுதிட்டாங்களோன்னு. பஞ்சாங்கத்த வெச்சிக்கினு அன்னிக்கி நெலா எத்தினி மணிக்குக் கெளம்பும்னு கணக்குப் போட்டேன். மூணு மணிக்கு நல்லா மேல இருக்குது. அப்பறந்தான் நம்பினேன்.”

நாற்பது வயதில் நான் செய்யத் தொடங்கிய வேலையை, இருபத்தொரு வயதில் இந்த அம்மாள் செய்து முடித்திருக்கிறார்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். தந்தி வந்ததும் மாமியார் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். காணவில்லை என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தமில்லை, வரலாம் என்று யாரோ படித்தவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தாராம். கடிதம் வந்தபோது அவர் கேப்பைக் களியும் சோறுமாகச் சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை எப்படி நிறுத்துவது?

“சரி, அந்தம்மா இருக்கற வரைக்கும்னு இருந்தேன். அவங்க போயி எவ்ளோ வருஷமாச்சி. அதுக்கப்பறம் கொழுந்தனாரு. பேப்பரு பேப்பரா கத்தரிச்சிக் கொண்டாந்து காட்டறாரு. அண்ணி, இந்த ஜெயில்ல தமிழாளு ஒருத்தரு இருக்காராம்ன்றாரு. நான் அப்டியான்னு கேட்டுக்குவேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தாமலே அவர் சொன்னதை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன்.

“அவங்களுக்காவ மட்டும்தான்னு எழுதிடாதீங்க சார். பொய்யாப் போவும். அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா என்னிய ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிருப்பாரு. மூலையில ஒக்கார வெச்சிருப்பாங்க, இல்ல எவனுக்காச்சும் ரெண்டாந்தாரமாக் குடுத்திருப்பாங்க. காணலன்றதுனால ஒருத்தரும் என்னிய ஒண்ணும் செய்ய முடியல. பொட்டு வெச்சிக்கினு காலேஜுக்குப் போனேன், வேலைக்குப் போனேன். காணாமப்போன மனுஷன் எனக்கு எவ்ளோ தொணையா இருந்தாரு தெரியுமா?”

கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றார். காலண்டர் தாளைக்கூடத் தூக்கிப்போடாதவர் அதை அடுப்பில் போட்டிருப்பார் என்று நான் இன்றும் நம்பவில்லை.

டோல்கேட் பக்கம் இறங்கி ஆட்டோவில் இரும்பை என்ற ஊருக்குப் போனோம். பனமலையிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ தெரிந்தவர்கள் வந்துபோக வாய்ப்பில்லாத ஊர் என்று முதல் வருஷம் தேர்ந்தெடுத்தாராம். கோயிலில் கும்பிட்டுவிட்டு, குளக்கரையில் உட்காரும் ஐயருக்கு அரிசியும் வாழைக்காயும் கொடுப்பார், கீரையை மாட்டுக்குப் போடுவார், அடுத்த பஸ்ஸில் திரும்புவார். யாருக்கு என்று ஐயர் கேட்டபோது எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு என்று சொல்லியிருக்கிறார். பொட்டோடு வருகிறவரிடம் அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆண் வாரிசு யாரும் வராததால் அது மட்டும் ஒரு வருஷமும் நடந்ததில்லை.

அங்கே வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன். என்னை அனுப்பியது அவருடைய கொழுந்தனார்தான் என்றேன். அவர் ஒன்றும் நம்பிக்கொண்டிருக்கவில்லை, நீங்கள் நம்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேப்பர் கத்தரித்துக் கொண்டுவந்திருக்கிறார், ஆப்ரேஷனுக்கு முன் ஒரு தடவை தன் கையால் செய்ய வேண்டும் என்கிறார் என்றேன்.

டீச்சர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “அவரே சொன்னாரா? நீங்க பூசி மெழுகறீங்களா?”

அவரே சொன்னார் என்றேன். ஐயர் முன்னால் அவர் வாய் மூடி நிற்பதைப் பற்றியும் சொன்னேன். குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கூடையிலிருந்த வாழைக்காய்களை வெளியே எடுத்து வைத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

“கூப்புடுங்க அவர” என்றார். “நான் பேசினா பயந்துடுவாரு. நீங்க பேசுங்க. இன்னிக்கித்தான் நாளுன்னு சொல்லுங்க. நாளு நீங்க குறிச்சதாவே இருக்கட்டும்.”

போனில் தம்பி ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. மொபெட்டில் வரவேண்டாம், காரில் வாருங்கள் என்றேன். ஐயர் பன்னிரண்டரை வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். பன்னிரண்டே காலுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் அண்ணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். முதலில் அவர் நெற்றியைத்தான் பார்த்தார். குங்குமம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“போயி காலு கை நனைச்சிக்கினு வாங்க. ஐயரு காத்துக்கினு இருக்காரு” என்றார் டீச்சர். நெல் மூட்டை எங்கே இறக்குவது என்று சொல்கிற குரல்.

ஐயர் உறவு கேட்டார். தம்பி “அண்ணன்” என்றார். பெயர் கேட்டார். அந்தப் பெயரை அவர் சொன்ன சத்தத்துக்குக் குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஐயர் ஒரு கணம் டீச்சரின் தாலியைப் பார்த்தார், பிறகு தர்ப்பையைப் பார்த்தார், மந்திரத்தைத் தொடர்ந்தார். டீச்சர் மேல் படியில் கோபுரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பக்கம் திரும்பவே இல்லை.

முடித்துவிட்டு ஈர வேட்டியோடு தம்பி மேலே வந்தார். என்னிடம்தான் கேட்டார்.

“சார், தசமின்னு இல்ல எங்க ஐயரு சொன்னாரு? இன்னிக்கி நவமியாச்சே.”

நான் கவுண்டரில் நூறு முறை சொன்ன விளக்கத்தைச் சொன்னேன். இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறும், நம் நாள் விடிந்தால்தான் மாறும், இறந்தது விடிவதற்கு முன் என்றால் முந்தின திதிதான் என்றேன். சரளமாகச் சொல்லிக்கொண்டே போனவன், சொல்லி முடிக்கும்போதுதான் எங்கே கால் வைத்தேன் என்று உணர்ந்தேன்.

“விடியறதுக்கு முன்னன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? தந்தில இல்லியே.”

நான் குளத்தைப் பார்த்தேன். டீச்சர் ஒயர் கூடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தம்பி என்னைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. அந்தக் கூடை, அந்த ஊர், ஐயர் அந்த அம்மாளிடம் பழகியவர்போல் நடந்துகொண்டது எல்லாவற்றையும் அவர் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஐம்பத்துச் சொச்சம் வருஷமாகக் கத்தரித்த பேப்பர்களும் அந்தக் கணக்கில் வந்திருக்கும். கேட்டிருந்தால் டீச்சர் மறைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

“சரி. நவமியே இருக்கட்டும்” என்றார். “அண்ணி, வெயிலா இருக்குது. காருல ஏறுங்க. ஊட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போறேன்.”

எனக்கும் காரில் இடம் இருந்தது. பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.

பொங்கல் கழிந்து அவருக்கு ஆப்ரேஷன் நடந்தது. நன்றாக இருக்கிறார், மாசியில் ஆள் மூலம் எனக்கு மல்லாட்டை அனுப்பியிருந்தார். நோட்டில் அந்தக் கட்டத்தில் நாளை எழுதிவிட்டேன். ஆதாரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். அந்த நோட்டிலேயே ஆதாரம் காட்டாத வரி அது ஒன்றுதான். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இந்த வருஷம் கார்த்திகை நவமியன்று காலையில் வேறு வேலையாகத்தான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். புதுச்சேரி பஸ்ஸின் முன்படியில் தம்பி ஏறிக்கொண்டிருந்தார். ஒயர் கூடை அவர் கையில் இருந்தது. டீச்சர் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் அதே அகலத்தில் பொட்டு. என்னைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். இந்தத் தடவை இறங்கி வரவில்லை. கண்டக்டர் கேட்டபோது தம்பி இரண்டு விரலைக் காட்டினார்.